குப்பையின் சொந்தக்காரர்

1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தில் 129, 130, 131 என்று மூன்று பிரிவுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. தெருவைக் கூட்டுவதும் வீட்டுக் குப்பையையும் மலத்தையும் அகற்றுவதும் சபையின் கடமை என்கிறது முதலாவது. அகற்றியதைக் கொண்டுபோய்ச் சேர்க்க இடம் பார்க்கச் சொல்கிறது மூன்றாவது. நடுவில் இருக்கும் 130தான் ருசியானது. சேகரித்த குப்பை அத்தனையும் சபையின் சொத்து என்று அது சொல்கிறது. விற்கலாம், வேறு வழியில் தீர்க்கலாம், அது சபையின் விருப்பம். ஆனால் சொந்தக்காரர் சபைதான்.

மட்டக்களப்பு 1967இல் மாநகர சபையாகி, செல்லையா இராசதுரை முதலாவது மேயராக அமர்ந்த நாளிலிருந்து, புளியந்தீவிலும் கோட்டைமுனையிலும் கல்லடியிலும் வீட்டு வாசலுக்கு வெளியே வைக்கப்பட்ட ஒவ்வொரு சொப்பிங் பையும் இந்தச் சொத்துக் கணக்கில் சேர்ந்திருக்கிறது. யாருக்கும் வேண்டாத சொத்து. ஆனாலும் சொத்து என்று ஒன்று இருந்தால் அதற்குப் பதிவேடு வேண்டும், பொறுப்பாளர் வேண்டும், கணக்காய்வு வேண்டும். நகரத்தின் குப்பையைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ட்ரக்டருக்குப் பின்னால் போவார்கள். இந்தக் கட்டுரை அந்த ட்ரக்டரைக் காலையில் வெளியே அனுப்பும் மேசையைப் பற்றியது. நகரம் ஏன் சுத்தமாக இருக்கிறது, ஏன் சில ஒழுங்கைகளில் மட்டும் மூன்று நாள் குப்பை நாறுகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை பெரும்பாலும் அந்த மேசையில்தான் கிடக்கிறது.

விடியற்காலைச் செக்ரோல்

அலுவலகம் எட்டரைக்குத் திறக்கும். வேலை அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். இருட்டோடு வந்து நிற்கும் தொழிலாளர்களை ஓவசியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் செக்ரோலில் குறிப்பார். வராதவர்களின் இடத்துக்கு ஆள் மாற்றுவார். எந்தச் சாரதி, எந்த வாகனம், எந்தப் பாதை என்பது அந்தச் சில நிமிடங்களில் முடிவாகும். முகாமைத்துவ உதவியாளர் வந்து கதிரையில் உட்காரும்போது நகரத்தின் பாதி குப்பை ஏற்கெனவே பெட்டியில் ஏறியிருக்கும். (கிளார்க் என்றும் லிகிதர் என்றும் பழைய ஆட்கள் சொல்லுகிறவர்தான் இவர்.) அதற்குப் பிறகு அவருடைய நாள் முழுவதும், நடந்து முடிந்ததைத் தாள் துரத்திப் பிடிக்கும் வேலை.

அந்தத் தாள்களில் முதன்மையானது ரன்னிங் சார்ட். வாகனம் புறப்பட்டபோது மீற்றர் எவ்வளவு, திரும்பியபோது எவ்வளவு, எத்தனை தடவை போய் வந்தது, எத்தனை லீற்றர் டீசல் அடித்தது, யார் கையொப்பம் இட்டது. மாத முடிவில் இதைக் கூட்டிக் கழித்து, லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று பார்த்து, வவுச்சரோடு சேர்த்துக் கணக்காளருக்கு அனுப்ப வேண்டும். குப்பை எடுக்கும் ட்ரக்டர் பத்தடிக்கு ஒரு தரம் நிற்கும், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே அதன் கணக்கு மற்ற வாகனங்களின் கணக்கோடு ஒத்துவராது. அந்த வித்தியாசத்துக்குக் கணக்காய்வு வினா வரும். வினாவுக்குப் பதில் எழுத வேண்டும். குப்பை அள்ளுகிறவர் ஒரு நாளில் அள்ளி முடித்ததை விளங்கப்படுத்தக் கிளார்க்குக்குச் சில வேளை ஒரு வாரம் போகும்.

அடுத்தது முறைப்பாட்டுப் பதிவேடு. தொலைபேசியில் வரும் முறைப்பாடுகளுக்கு ஒரு மாறாத வடிவம் உண்டு: "எங்கட ஒழுங்கைக்கு மூணு நாளா குப்பை மிசின் வரல்ல சேர்." அழைக்கிறவர் கோபத்தில் சாரதியைத் திட்டுவார், தொழிலாளியைத் திட்டுவார். ஆனால் அந்த மிசின் டயர் தேய்ந்து யார்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். டயர் வாங்க விலைமனு கோர வேண்டும், ஒப்பிட வேண்டும், பெறுகைக் குழுவின் அனுமதி வேண்டும், கட்டளை எழுத வேண்டும், பொருள் வந்ததும் களஞ்சியப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். இந்தப் படிகள் வீணானவை என்று நான் சொல்லமாட்டேன். மக்களின் பணத்தில் டயர் வாங்கும்போது கடைக்காரரின் மச்சான் யார் என்ற கேள்வி வராமல் இருப்பதற்காகவே அவை இருக்கின்றன. ஆனால் அந்தக் கோவை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகும் வேகத்தில்தான் அந்த ஒழுங்கையின் குப்பையும் போகும். யாராவது லீவில் நின்றால் ஈக்கள் பெருகும். மட்டக்களப்பில் மட்டுமல்ல, இலங்கையின் எந்த உள்ளூராட்சி சபையிலும் இதுதான் நிலை.

லோட் என்ற அளவு

இந்தப் புத்தகங்கள் எல்லாவற்றையும் அடுக்கிவைத்துப் பார்த்தால் ஒரு விடயம் கண்ணில் படும். ஆள் எண்ணப்படுகிறார். மணி எண்ணப்படுகிறது. டீசல் எண்ணப்படுகிறது. கிலோமீற்றர் எண்ணப்படுகிறது. குப்பை எண்ணப்படுவதில்லை.

குப்பைக்கு அலுவலகம் தரும் அளவு லோட். ஒரு ட்ரக்டர் பெட்டி ஒரு லோட். மழை நாளில் நனைந்த வாழைமடலும் மீன் செதிலும் ஏறினால் அதுவும் ஒரு லோட். வெயில் நாளில் வெறும் ரெஜிபோம் பெட்டியும் பொலித்தீனும் ஊதிப் பெருத்து நிறைந்தால் அதுவும் ஒரு லோட். முதலாவதன் எடை இரண்டாவதைப்போல எத்தனையோ மடங்கு. முதலாவது பசளைக் கொட்டகைக்குப் போக வேண்டிய சரக்கு, இரண்டாவது பிரித்து விற்கவோ புதைக்கவோ வேண்டியது. புத்தகத்தில் இரண்டும் ஒன்றுதான். சாரதியின் மேலதிக நேரக் கொடுப்பனவுக்கும் டீசல் கணக்குக்கும் லோட் போதும். குப்பையை முகாமை செய்வதற்கு அது போதாது.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பிறகு இந்தக் குறை அலுவலகங்களுக்கே உறைக்கத் தொடங்கியது. நாளொன்றுக்கு எத்தனை தொன் சேர்கிறது, அதில் எத்தனை வீதம் உக்கும் என்று பல்கலைக்கழக மாணவரோ ஊடகக்காரரோ ஒரு விண்ணப்பம் போட்டால், 14 வேலைநாளுக்குள் பதில் போக வேண்டும். விடயப் பொறுப்பாளர் லோட்டுகளை எண்ணி, ஒரு லோட்டுக்கு இத்தனை தொன் என்று ஒரு வழக்கமான எண்ணால் பெருக்கி அனுப்புவார். அந்த எண் பிறகு ஆய்வுக் கட்டுரையில் வரும். ஆய்வுக் கட்டுரையிலிருந்து திட்ட முன்மொழிவுக்குப் போகும். முன்மொழிவிலிருந்து வெளிநாட்டு நிதி வரும். பிழையான பெருக்கல் ஒன்றுக்குக் கொம்பெக்டர் வாகனம்கூட வந்து இறங்கலாம்.

நாடு முழுவதும் எடுக்கப்பட்ட கணக்குகள் ஒரு விடயத்தில் ஒத்துப்போகின்றன: இலங்கையின் நகரக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது. சமையலறையும் சந்தையும் தருவது. அதைத் தனியே எடுத்துவிட்டால் மிச்சத்தைத் தூக்குவது இலேசு. மத்திய சுற்றாடல் அதிகார சபை பச்சை, நீலம், செம்மஞ்சள், சிவப்பு, மண்ணிறம் என்று நிறம் பிரித்துக் கொடுத்ததும், தரம் பிரிக்காத குப்பையை எடுக்கவேண்டாம் என்று 2016 இறுதியில் உள்ளூராட்சி சபைகளுக்குச் சொல்லப்பட்டதும் இதற்காகத்தான். ஆனால் வீட்டில் பிரித்த குப்பை ஒரே பெட்டியில் ஒன்றாக விழுவதை ஒரு குடும்பத் தலைவி ஒருமுறை கண்டுவிட்டால் போதும். அடுத்த நாளிலிருந்து அவர் பிரிக்கமாட்டார். திங்கட்கிழமை உக்குவது, வியாழக்கிழமை உக்காதது என்ற அட்டவணை ஒன்றைப் போடுவதும், டயர் தேய்ந்தாலும் ஆள் குறைந்தாலும் அதை மாற்றாமல் காப்பாற்றுவதும் முழுக்க முழுக்க அலுவலக வேலை. விழிப்புணர்வு ஊர்வலத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் பாதியை இந்த அட்டவணைக்குச் செலவழித்தால் நல்லது என்பது என் எண்ணம்.

திருப்பெருந்துறையிலிருந்து கொடுவாமடுவுக்கு

பல்லாண்டு காலம் மாநகரின் குப்பை போய்ச் சேர்ந்த இடம் திருப்பெருந்துறை. நகரத்தோடு ஒட்டிய ஊர், பக்கத்திலேயே விமான நிலையம், சுற்றிலும் குடியிருப்பு. குப்பைமேடு வளர்ந்தது, தீப்பற்றியது, புகை வீடுகளுக்குள் புகுந்தது, மக்கள் வீதிக்கு இறங்கினார்கள், விடயம் நீதிமன்றப் படியும் ஏறியது. குப்பைமேட்டால் அவதிப்படும் ஊரவர்களுக்கு இலங்கைச் சட்டம் தரும் பழகிய வழி, 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவையின் 98ஆம் பிரிவு. பொதுத் தொல்லையை அகற்றும்படி நீதவான் கட்டளையிடலாம். 130ஆம் பிரிவு சொத்து என்று சொன்னதை 98ஆம் பிரிவு தொல்லை என்று சொல்லும்.

இதே காலத்தில் கொழும்பில் மீதொட்டமுல்ல நடந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள். குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியதில் 32 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு குப்பை பற்றிய சுற்றறிக்கைகளின் தொனியே மாறியது. அதே ஆண்டு செப்ரெம்பரில் லஞ்ச் சீற்றுக்கும் 20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீனுக்கும் தடை வந்தது. நாட்டின் ஒவ்வொரு சபையிடமும் உன் குப்பைமேடு எத்தனை அடி என்று கேட்கப்பட்ட காலம் அது.

இன்று மட்டக்களப்பின் குப்பை செங்கலடிக்கு அப்பால், பதுளை வீதிப் பக்கம் உள்ள கொடுவாமடுவுக்குப் போகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில், ஐக்கிய நாடுகளின் செயற்றிட்டச் சேவைகள் அலுவலகம் அமைத்துக் கொடுத்த நிலநிரப்பு அது. பழைய குப்பைமேட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அடியில் இருக்கிறது. குழிக்கு நீர் புகாத அடித்தளம் போடப்படும். குப்பையில் ஊறிக் கசியும் கறுப்புத் தண்ணீர் குழாய் வழியாக ஒரு குளத்தில் சேர்க்கப்பட்டுச் சுத்திகரிக்கப்படும். கொட்டிய குப்பையை நசுக்கி அன்றன்றே மண் மூட வேண்டும். கிணற்றுத் தண்ணீரை நம்பிய, மணல் நிலமான ஒரு மாவட்டத்துக்கு இது பெரிய காரியம்.

ஆனால் கொடுவாமடு நகரத்திலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீற்றர். திருப்பெருந்துறை கைக்கெட்டிய தூரம். ஒரு நாளில் பல லோட் போட்ட வாகனம் இப்போது வீதியில்தான் நேரத்தைக் கழிக்கிறது. ரன்னிங் சார்ட்டில் கிலோமீற்றர் பத்தி பெருத்தது, டீசல் பத்தி பெருத்தது, மேலதிக நேரம் பெருத்தது. உக்கக்கூடிய வாழைத்தோலை இருபது கிலோமீற்றர் ஏற்றிக்கொண்டுபோய், விலை உயர்ந்த குழி ஒன்றில் புதைப்பது எவ்வளவு செலவான பழக்கம் என்பது லோட் கணக்கில் தெரியாது. எடைக் கணக்கில் முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். நிலநிரப்புக் குழிக்கும் ஆயுள் உண்டு. பிரிக்காத குப்பை அந்த ஆயுளைத் தின்னும்.

பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒரு பாடம். அம்பாறையில் பள்ளக்காடு குப்பைமேட்டில் எட்டு ஆண்டுகளில் இருபது வரையான யானைகள் பிளாஸ்டிக் தின்று செத்தன என்ற செய்தி 2022 ஜனவரியில் உலகம் முழுக்கப் படத்தோடு போனது. காட்டோரக் குப்பைமேடுகளுக்கு மின்வேலி போடுவதாக அரசாங்கம் 2017இலேயே சொல்லியிருந்தது. வேலி போடுவது ஒரு நாள் வேலை, அதைப் பராமரிக்கும் செலவு ஒவ்வொரு பாதீட்டிலும் வரவேண்டிய தலைப்பு. தலைப்பு இல்லாத வேலியை யானை தாண்டும்.

ஜனவரிக் கியூ

காசு எங்கிருந்து வருகிறது? சோலைவரியிலிருந்து. சொத்தின் ஆண்டுப் பெறுமதியில் ஒரு வீதம். ஜனவரி 31க்கு முன் முழு ஆண்டுக்கும் கட்டினால் 10 வீதம் கழிவு என்பதால், ஜனவரியில் சிறாப்பரின் யன்னலுக்கு முன்னால் கியூ நிற்கும். மற்ற மாதங்களில் வருமானப் பரிசோதகர் வீடு தேடிப் போக வேண்டும். மதிப்பீட்டைக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. போரும் அலுவலகத் தாமதமும் சேர்ந்து நாட்டின் பல சபைகளில் பழைய பெறுமதியே ஓடிக்கொண்டிருக்கும். மாடி வீடு எழும்பிவிட்டிருக்கும், பதிவேட்டில் கிடுகு வீடே நிற்கும்.

இந்த வரியில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. நீங்கள் எவ்வளவு குப்பை போடுகிறீர்கள் என்பதற்கும் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வளவில் கிடங்கு வெட்டி எல்லாவற்றையும் உக்கவைக்கும் வாத்தியாரும், கலியாண மண்டபக்காரரும் ஒரே தர்க்கத்தில் வரி கட்டுகிறார்கள். கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் தனிக் கட்டணம் அறவிடுவது ஓரளவு நியாயம்தான். ஆனால் அதற்கும் எடை வேண்டும்.

தென்கொரியா 1995 ஜனவரியில் இந்த முடிச்சை அவிழ்த்தது. குப்பை போடச் சபையின் பையைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், கூடப் போட்டால் கூடப் பை. 2013இலிருந்து சாப்பாட்டுக் கழிவை நிறுத்துக் கட்டணம் எடுக்கும் முறையும் பரவியது. மட்டக்களப்பிலிருந்து கொரியத் தொழிற்சாலைகளுக்குப் போய் வந்த பொடியன்கள் இதை எந்த வெளிநாட்டு நிபுணரையும்விட நன்றாக விளங்கப்படுத்துவார்கள். அவர்களை ஒருநாள் கூப்பிட்டுக் கேட்கலாம். ஆனால் அந்த முறையை அப்படியே தூக்கி இங்கே வைத்தால், காசு கொடுக்க விரும்பாத பை நேராக வாவிக்குள் போகும் என்பதும் உண்மை.

மற்ற வருமானம் பசளை. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் ஒரேயடியாகத் தடுத்தபோது, அதுவரை யாரும் திரும்பிப் பாராத நகரக் கூட்டெரு ஒரே இரவில் தேசிய முக்கியத்துவம் பெற்றது. நகரக் கழிவிலிருந்து செய்யும் கூட்டெருவுக்கு 2003இலேயே எஸ்.எல்.எஸ். 1246 என்ற தரம் வகுக்கப்பட்டிருக்கிறது. கண்ணாடித் துண்டும் பொலித்தீன் நாரும் கலந்த எருவை அந்தத் தரத்துக்குக் கொண்டுவர முடியாது, வயலில் செருப்பில்லாமல் இறங்குகிறவர் வாங்கவும்மாட்டார். நவம்பரில் தடை நீங்கியது. கூட்டெரு பழைய மதிப்புக்கே திரும்பியது. அடுத்த ஆண்டு டீசலே இல்லாமல் போனது. எரிபொருள் வரிசைகள் நீண்ட 2022இல் நாடெங்கும் சபைகள் குப்பை எடுக்கும் நாட்களைக் குறைத்தன. டீசலுக்கு முன்னுரிமை கேட்டு எழுதும் கடிதம் அலுவலகங்களின் அன்றாடமாகியது.

பதிவேட்டில் உள்ள பெயர்கள்

செக்ரோலுக்குத் திரும்பலாம். அதில் உள்ள பெயர்களில் நிரந்தரமானவை உண்டு, தற்காலிகமானவை உண்டு, நாட்கூலிக்கு வரும் அமைய ஊழியர் உண்டு. மூவரும் ஒரே பெட்டியில்தான் குப்பை ஏற்றுகிறார்கள். நிரந்தரமானவருக்கு ஓய்வூதியம். அமைய ஊழியருக்கு ஊழியர் சேமலாப நிதி, அவர் 8 வீதம், சபை 12 வீதம், அதோடு நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். 180 நாள் சேவை முடித்தவர்களை நிரந்தரமாக்க 2014இல் 25ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை வந்தபோது, அந்த 180 நாளை நிரூபித்தது இந்தச் செக்ரோல்தான். ஓவசியர் ஒரு காலையில் போட மறந்த குறி ஒருவருடைய முதுமைக்கால வருமானத்தை ஆட்டிவைக்கும். கையால் எழுதிய, ஓரம் கிழிந்த அந்தத் தாள்களைக் கரையானிடமிருந்து காப்பது, பல அலுவலகங்களில் பதிவறைப் பொறுப்பாளர் ஒருவரின் சொந்த அக்கறையை நம்பியே இருக்கிறது.

பிரித்தானியர் காலத்தில் இலங்கை நகரங்களில் வாளிக் கக்கூஸ் காவவும் தெருக் கூட்டவும் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் பல ஊர்களில் இதே வேலையில் இருக்கிறார்கள். கட்டளைச் சட்டத்தில் மலம் என்ற சொல் அந்தக் காலத்துச் சாட்சி. வாளி போய்விட்டது, பவுசர் வந்துவிட்டது. சிறாப்பரிடம் காசு கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கினால் முறைப்படி பவுசர் வீட்டுக்கு வரும். வேலை மாறிய அளவுக்கு அந்த வேலையைச் செய்கிறவரை ஊர் பார்க்கும் பார்வை மாறவில்லை. மேசையில் இருக்கிற படித்த பிள்ளைகளும் வரன் பேசும்போது "மாநகர சபையில வேலை" என்று மட்டும் சொல்லி நிறுத்துவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

தங்கி நிற்கும் தண்ணீர்

இவ்வளவும் ஏன் மட்டக்களப்பில் மற்ற ஊர்களைவிட முக்கியம் என்றால், வாவி. வடக்கே ஏறாவூர்ப் பக்கமிருந்து தெற்கே அம்பாறை மாவட்ட எல்லைவரை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு, எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரிக்கும் இந்த நீர்ப்பரப்பு கடலோடு சேரும் வாய்கள் இரண்டே. ஒன்று பாலமீன்மடுப் பக்கத்து முகத்துவாரம், மற்றது தெற்கே கல்லாற்றுப் பக்கம். கோடையில் மணல் திட்டு வாயை மூடிவிடும். மாரி வெள்ளம் வந்து உடைக்கும்வரை, அல்லது அதிகாரிகள் கூடிப் பேசி வெட்டிவிடும்வரை, உள்ளே விழுந்தது உள்ளேயேதான். பாலத்தின் மேலிருந்து இரவில் வீசப்படும் கோழிக் கழிவுப் பை ஒன்று கடலுக்குப் போக மாதக்கணக்காகலாம். அதற்குள் அது கண்டல் வேர்களில் சிக்கும், இறால் வலையில் ஏறும்.

சட்டப்படி பார்த்தால், அந்தப் பை சபையின் வாகனத்தில் ஏறவில்லை, ஆகவே எந்தப் பதிவேட்டிலும் இல்லை. லோட் கணக்கில் சேராத இந்தக் குப்பைக்குத்தான் ஊர் அதிக விலை கொடுக்கிறது. சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பின் விளிம்பில் பெருங்குடிக் குப்பைமேட்டை வளரவிட்டு, பிறகு பயோமைனிங் என்ற பெயரில் தோண்டிச் சலித்து அப்புறப்படுத்தக் கோடிகளைக் கொட்டியதைப் பார்த்தவர்கள், நீர்க்கரையோரத்தில் குப்பை சேர்வதை இலேசாக எடுக்கமாட்டார்கள். திருப்பெருந்துறையின் பழைய மேடும் ஒருநாள் இந்தக் கேள்வியைக் கேட்கும். கேட்கும்போது முதலில் தேடப்படுவது, எந்த ஆண்டில் எதைக் கொட்டினோம் என்ற பதிவு.

2023 மார்ச்சில் நாட்டின் உள்ளூராட்சி சபைகளின் ஆயுள் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போய் 2025 மே 6இல்தான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளும் உறுப்பினர் இல்லாமல், ஆணையாளரின் பொறுப்பில் அலுவலகங்களே நகரங்களை நடத்தின. குப்பை வழமைபோல எடுபட்டது. இது அலுவலகங்களுக்குப் பெருமையா, உறுப்பினர்களுக்கு வெட்கமா என்பதை வாசகர் முடிவு செய்யட்டும். எனக்குத் தோன்றுவது வேறு. அட்டவணையை ஓட்ட அலுவலகத்தால் முடியும், ஆனால் கட்டணத்தை மாற்றவோ, கலியாண மண்டபக்காரரைப் பகைக்கவோ, பிரிக்காத குப்பையை வாசலிலேயே விட்டுவிட்டு வா என்று ஓவசியருக்குச் சொல்லவோ வாக்குக் கேட்டு வந்தவருக்குத்தான் துணிவு வேண்டும்.

ஒவ்வொரு டிசெம்பரும் சபையில் அடுத்த ஆண்டுக்கான பாதீடு வாசிக்கப்படும். திண்மக் கழிவு முகாமைத்துவம் என்ற தலைப்பின் கீழ் எரிபொருள், மேலதிக நேரம், வாகனத் திருத்தம் என்று வரிகள் வரும். பொதுமக்களும் போய்ப் பார்க்கக்கூடிய ஆவணம் அது. அதில் எடைமேடைக்கும், அதில் ஏறி இறங்கும் எண்ணை எழுதிவைக்கும் ஓர் உத்தியோகத்தருக்கும் ஒரு வரி இருக்கிறதா என்று உங்கள் வட்டார உறுப்பினரிடம் கேளுங்கள். இல்லை என்றால், திருத்தம் கொண்டுவர வாக்கெடுப்பு வரை அவருக்கு நேரம் இருக்கிறது.